ரயில் பக்கமே ஓடின ரம்பம்

தச்சு வேலையில் இழைப்பு தப்பினால் இன்னொரு தடவை இழைக்கலாம், உளி தப்பினால் மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைக்கலாம். அறுப்பு தப்பினால் மட்டும் மரக்கடைக்குத்தான் நடக்கணும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு தடவையாவது ரம்பம் பிடித்திருப்பீர்கள். பென்சிலைக் கூராக்கி, கண்ணைச் சுருக்கி, அழகாகக் கோடு போட்டிருப்பீர்கள். ரம்பமும் அரை அடி வரைக்கும் நல்ல பிள்ளையாகப் போயிருக்கும். அப்புறம் அதுக்கு ஒரு வழி, உங்களுக்கு ஒரு வழி. அப்படி நின்றவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நான் படித்தது நாலாங்கிளாஸ். எழுத்தில் கோணல் தெரிந்தால் நம்ம ஏழுமலை அறுத்த பலகை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரம்பம் இடது பக்கமாக ஓடும். அதைச் சரிபண்ண நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் பெண்ஜாதியும் பிள்ளையும் எட்டு மாசம் என்னிடம் வராமல் இருந்தார்கள். நடுவில் நின்றது ஒரு கதவு.

ஆடின மணை

அறுபதுகளில் நான் திருவள்ளூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பட்டாச்சாரியார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் புது மணை ரெண்டு கேட்டார்கள். பலகை, அடியில் ரெண்டு கால்கட்டை, அவ்வளவுதான் வேலை. கால்கட்டைக்கு மேல் முகத்தில் மட்டும் கோடு போட்டு அறுத்தேன். மேலே ரம்பம் கோட்டிலேயே போனது. அடியில் எங்கே போனது என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கட்டை ஒரு பக்கம் ரெண்டு நூல் இறங்கிவிட்டது. எங்கள் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல்.

முகூர்த்தத்தன்று நானும் பின்பக்கம் பந்தலில் நின்று பார்க்கிறேன். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் மணை ஒரு ஆட்டம் ஆடி அவர் பெண் பக்கமே சாய்ந்தார். நிமிர்ந்தார், மறுபடியும் சாய்ந்தார். யாரோ வாழை இலையை மடித்து அடியில் சொருகினார்கள். அன்றைக்கு விட்டது எனக்கு அந்தப் பழக்கம். அதுக்கப்புறம் எந்தக் கட்டையானாலும் நாலு முகத்துக்கும் சுற்றிக் கோடு போடாமல் ரம்பத்தைத் தொட்டதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டாப்பா ஏழுமலை, மாப்பிள்ளை பொண்ணு பக்கம் சாயறதுக்கு இன்னும் நாள் இருக்கேடா, தாலி கட்டறதுக்கு முன்னாடியே சாய வெச்சுட்டியே!"

சாக்குத் துணி

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதுசில் மெஷின் ஏற்றி அனுப்ப மரப்பெட்டி செய்கிற ஷெட் ஒன்றில் வேலை கிடைத்தது. ரயில் பாதை ஓரமாக மண்சுவர் எழுப்பி, ஓலை போட்டு ஒரு குடிசை கட்டினேன். கல்யாணமாகி வந்த பாக்கியமும் அதில்தான் குடித்தனம் பண்ணினாள். வாசலில் மரச்சட்டம் வைத்தேன். கதவு அப்புறம் செய்யலாம் என்று கோணிச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றடித்தால் பாக்கியம் சாக்கின் நுனியில் அம்மிக்குழவியை உருட்டி வைப்பாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஏழாம் மாசம் வளையல் போட்டுத் திருவாலங்காட்டுப் பக்கம் அவள் அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெண் பிறந்தது. பேர் வைக்கிற நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிள்ளைக்கு மூணாம் மாசம் பிறக்கும்போது, கொண்டுவந்து விடலாமா என்று இடம் பார்க்க மாமனார் வந்தார். நெல்லு வயல் வைத்திருக்கிற மனிதர், அளந்துதான் பேசுவார். அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருகிறேன், சாக்கை முட்டிக்கொண்டு ஒரு தெருநாய் வெளியே வருகிறது, வாயில் கருவாடு. மாமனார் சாக்கைப் பார்த்தார், என் கையிலிருந்த ரம்பத் தழும்பைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாய் வந்து போற ஊட்ல பேத்திய எப்படி மாப்ள படுக்க வெப்பேன்? ஊருக்கெல்லாம் அறுக்கறீங்களே, ஒரு கதவு அறுத்து மாட்டிட்டு கார்டு போடுங்க, நானே இட்டுக்கினு வரேன்."

கழுத்தை நெரிக்கிற பிடி

ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பிள்ளையைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கதவு போடாமல் எந்த மூஞ்சியோடு போவது? போகவில்லை. அந்தக் கோபம் எல்லாம் கையில் இறங்கியது. ரம்பத்தின் பிடியை இறுக்கி, ஒரே அமுக்காக அமுக்கித் தள்ளுவேன். பலகை கிழியும், ரம்பம் வளையும், கோடு எங்கோ நிற்கும்.

எனக்கு எதிர் பெஞ்சில் சுப்பண்ணா. ஆரம்பாக்கத்துக்கு அந்தாண்டை ஆந்திரா எல்லைக்காரன். என் வயசுதான். நாஷ்டாவுக்கு ஊறுகாய் இல்லாவிட்டால் அவனுக்கு அன்றைக்கு வேலை ஓடாது. மூணு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் எழுந்து வந்து என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடியிலிருந்து பிரித்து, ரம்பம் போகிற திக்கைப் பார்த்து நீட்டி வைத்தான். மிச்சம் மூணு விரலையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். விரல் எங்கே காட்டுகிறதோ ரம்பம் அங்கே போனது. அமுக்கவே வேண்டியிருக்கவில்லை, ரம்பத்தின் கனமே அறுத்தது. அவன் தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

"கோழிக்குஞ்சைப் புடிக்கிற மாதிரி புடி நைனா. கதவு கேட்டது உங்க மாமனாரு, ரம்பம் உன்னை இன்னா கேட்டுச்சு?"

உள்ளே போகாத மெஷின்

விரல் நீட்டினாலும் இன்னொரு வியாதி இருந்தது. கோட்டின் மேலேயே அறுப்பேன். கோட்டின் மேல் அறுப்பது சரிதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரம்பத்தின் பல்லுக்கு ஒரு வாய் உண்டு. அது தின்கிற இடத்தை நாம் கணக்கில் விட்டுவிடுகிறோம். கோட்டுக்கு வெளியே, வேண்டாத துண்டின் பக்கம் ரம்பத்தை வைக்கணும். கோடு நம் பலகையில் மிச்சம் நிற்கணும்.

பேட்டையில் ஒரு கம்பெனிக்கு மோட்டார் வைக்கிற பெட்டி. மோட்டாருக்கு இறுக்கமாக அளவு கொடுத்திருந்தார்கள். எல்லாப் பலகையும் கோட்டைத் தின்றே அறுத்திருந்தேன். பெட்டி பார்க்க நேர்த்தியாக இருந்தது. நாலு பேர் சங்கிலி போட்டு மோட்டாரைத் தூக்கிப் பெட்டிமேல் இறக்கினால் அது விளிம்பில் உட்கார்ந்துகொண்டது, மாடு தொட்டியில் தலையை வைத்த மாதிரி. ஒரு நூல்தான் குறைச்சல். வாங்க வந்த ஸ்டோர்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார்.

"மேஸ்திரி, பெட்டி உன்னுது, மெஷின் எங்களுது. ரெண்டுல எதை இழைக்கப் போற, சொல்லிட்டு செய்."

கவரில் வந்த அளவு

ஒருநாள் ஷெட் விலாசத்துக்கு எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே காகிதம் இல்லை, வெள்ளை நூல் ஒன்று சுருட்டியிருந்தது. ரெண்டு நுனியிலும் முடிச்சு. நானும் சுப்பண்ணாவும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எனக்கு அப்புறம்தான் பிடிபட்டது. பாக்கியத்துக்கு எழுத வராது. பிள்ளையைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்து, தலையிலிருந்து கால் வரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறாள். தச்சனுக்கு அளவு அனுப்பினால் போதும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பெஞ்சில் ஆணி அடித்து நூலை இழுத்துப் பார்த்தேன். இருபத்தி மூணு அங்குலமும் ரெண்டு நூலும். ஒரு ரீப்பர்க் கட்டையை எடுத்து, அந்த அளவுக்கு நாலு முகத்திலும் கோடு சுற்றி, விரல் நீட்டி, கோட்டை மிச்சம் விட்டு அறுத்தேன். என் பிழைப்பில் முதல் தடவையாக ஒரு கட்டை இம்மியும் பிசகாமல் விழுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இவ்வளவு உயரம் வந்துவிட்டாளா என்று நிற்கிறேன். பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைத்தால் என் முழங்கையிலிருந்து எது வரைக்கும் இருப்பாள் என்று பார்க்கிறேன். ஆணியில் ஆடிக்கொண்டிருந்த நூலைத் தொட்டுப் பார்த்துச் சுப்பண்ணா கேட்டான்:

"அளவு வந்துடுச்சு. பார்ட்டி எப்ப வராங்க நைனா?"

ஸ்டேஷன் இருக்கிற பக்கம்

மாசத்துக்கு ஒரு நூல் வந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நீளம். என் கதவுதான் வரவில்லை. ஷெட் முதலாளியிடம் கேட்டு, பலகை வாங்கி, ரெண்டு தடவை கதவுக்கு அறுத்து ரெண்டு தடவையும் பாழ் பண்ணினேன். சின்னக் கட்டை நேராக வருகிறது, ஆறடிப் பலகை வருவதில்லை. பாதி போனதும் ரம்பம் இடது பக்கம் திரும்பிவிடும். ரம்பத்தில்தான் கோளாறு என்று பல்லை எல்லாம் அரம் போட்டேன். அப்பவும் அப்படித்தான்.

சுப்பண்ணாதான் கண்டுபிடித்தான். ஷெட்டுக்கு இடது பக்கம் ஸ்டேஷன். மெட்ராஸிலிருந்து வண்டி வருகிற சத்தம் கேட்டால் நான் தலையைத் திருப்புவேனாம். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் மணிக்கட்டு. நான் திரும்புவது எனக்கே தெரியாது. அவள் கார்டு போடாமல் வரமாட்டாள், அவள் அப்பா விடமாட்டார், எல்லாம் எனக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியவில்லை. சுப்பண்ணா நாலு பேரைக் கூப்பிட்டு என் பெஞ்சையே மறுபக்கம் திருப்பிப் போட்டான். அன்றைக்கு ஒரு பலகை அறுத்தேன். அவன் குனிந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"இப்ப சோத்துக்கை பக்கம் ஓடுது. ஸ்டேஷனைத்தான் நைனா பேத்து வெக்கணும், பெஞ்சை இல்ல."

குடை போட்ட கதவு

அப்புறம் நானே ஒரு வழி பண்ணினேன். வண்டிச் சத்தம் வந்தால் ரம்பத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். எழுந்து நின்று, முழுசாகத் திரும்பி, கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் பார்ப்பேன். இறங்கினவர்கள் எல்லாரும் நடந்து போய்விட்ட பிறகு உட்கார்ந்து மறுபடியும் அறுப்பேன். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் நேராக நடந்தது. ரம்பத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அதன் தகட்டில் பலகையின் நிழல் விழும். பலகையும் நிழலும் ஒடியாமல் ஒரே பலகை மாதிரித் தெரிந்தால் ரம்பம் நேராக நிற்கிறது என்று அர்த்தம். நிழல் ஒடிந்தால் கை சாய்ந்துவிட்டது. இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, வண்டிக்குக் காத்திருக்கிற நேரத்தில் தகட்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பலகை, வெளிநாட்டு மெஷின் வந்த பழைய பெட்டியில் பிரித்தது. வெள்ளை மரம். அதில் கறுப்பு மையில் குடைப்படம் இருந்தது. நனைக்காதே என்று அர்த்தம். நாங்களே தினம் பத்துப் பெட்டிக்கு அந்தக் குடையை அச்சு வைத்து அடிக்கிறவர்கள்தான். மழையில் மரம் ஊதும், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நூலாவது சந்து விடணும் என்பதும் தெரியாதா? தெரியும். ஆனால் என் அறுப்பைப் பார்த்து ஷெட்டில் எல்லாரும் என்னைச் சந்து சந்து என்றே கேலி பண்ணினார்கள். நாய் மூக்கு நுழைந்த வீடு அது. என் பிள்ளை படுக்கிற வீட்டில் பூரான் மீசைகூட நுழையக்கூடாது. சட்டத்தின் அளவுக்கு அளவாக அறுத்தேன். கடைசி நாலு இழுப்பில் துண்டைக் கீழே கையால் தாங்கிக்கொண்டு, கிழியாமல் எடுத்தேன்.

நல்ல நாள் பார்த்துக் கதவை மாட்டினேன். குடை தலைகீழாகத்தான் வந்தது, பரவாயில்லை. மஞ்சள், குங்குமம் வைத்தேன். அப்படியே இழுத்துப் பூட்டிவிட்டேன். பாக்கியம்தான் முதலில் கை வைத்துத் திறக்கணும் என்று ஆசை. அதுவரைக்கும் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டேன். மாமனாருக்குப் போட வேண்டிய கார்டு சட்டைப்பையில் இருந்தது. அதைச் சந்தில் விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. சுப்பண்ணா நாலு பக்கமும் விட்டுப் பார்த்தான், எங்கேயும் நுழையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கார்டுக்கே வழி உடல, மழைக்கு எங்க வழி உடப் போற நைனா?"

ஐப்பசி

கார்டு போய்ச் சேர்ந்து, அங்கே நாள் பார்த்து, புரட்டாசி கழிந்து, ஐப்பசியில் வந்தார்கள். பத்து நாளாக அடைமழை. ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நான் இந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து அந்தக் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடினேன். பாக்கியம் நடுப்பெட்டியில் இருந்து இறங்கி, பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, நான் ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை கடைசியாக வந்த நூலைவிட ரெண்டு விரற்கடை நீண்டிருந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மாமனார் குடை பிடிக்க, நான் மூட்டையைத் தூக்க, வீட்டு வாசலுக்கு வந்தோம். பூட்டைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றேன். பாக்கியம் வலது காலை முன்னால் வைத்துக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. நான் தள்ளினேன். தோள் கொடுத்தேன். சட்டமும் கதவும் ஒரே மரமாக நிற்கிறது. எட்டு மாசம் காத்திருந்து வந்தவள் மழையில் நிற்கிறாள், பிள்ளை அழுகிறது, தலைகீழ்க் குடைப்படத்தில் தண்ணீர் வழிகிறது. மாமனார் கதவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "மாப்ள, கதவு வேணும்னு சொன்னேன். செவுரு வெக்கச் சொல்லலியே" என்றார்.

பக்கத்துக் குடிசையில் குடியிருந்த சுப்பண்ணா ஓடி வந்தான். மூணு பேரும் சேர்ந்து இடித்ததில் கதவு அலறிக்கொண்டு திறந்தது. மறுபடியும் மூட வரவில்லை. திறந்தே கிடக்கட்டும் என்று விட்டால் பழைய சாக்குதான். ஈர மரத்தில் இழைப்புளி ஓடாது, சீவல் அடைத்துக்கொள்ளும். சுப்பண்ணா ஷெட்டுக்குப் போய் என் ரம்பத்தைக் கொண்டுவந்தான். கதவைக் கீலிலிருந்து கழற்றி, உள்ளே ரெண்டு கல்லின் மேல் படுக்கவைத்தோம். கோடு போடலாம் என்றால் ஈரத்தில் பென்சில் பிடிக்கவில்லை. கதவு ஆடாமல் இருக்கப் பாக்கியம் பிள்ளையோடு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கோடு இல்லாமலே ரம்பத்தை வைத்தேன். ஓரத்தில் ரெண்டு நூல் கனத்துக்கு ரிப்பன் மாதிரி ஒரு சீவல், தலையிலிருந்து கால் வரைக்கும். பாதி அறுக்கும்போது மெட்ராஸ் வண்டி ஊதிக்கொண்டு போனதாம். சுப்பண்ணா அப்புறம் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அறுந்து விழுந்த துண்டை அவன் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான், மாமனாரிடம் கொடுத்தான், அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எங்கேயும் கோணல் இல்லை. கதவை மாட்டி மூடினோம், பூப்போல மூடியது. பாக்கியம் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா நீ, ஊருக்கெல்லாம் சந்து உட்டு உட்டு அறுத்த, நான் வர்ற ஊட்டுக்கு மட்டும் சந்தே உடாம அறுத்து வெச்சிருக்கியே!"

அதுக்கப்புறம் எத்தனையோ ஆயிரம் பலகை கோடு போட்டு அறுத்துவிட்டேன், எதை எடுத்துப் பார்த்தாலும் எங்கேயோ ஒரு நூல் ஸ்டேஷன் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. கோடே இல்லாமல், அவள் மேலே உட்கார்ந்திருக்க அறுத்த அந்த ஒன்றுதான் நேர்.